இசைப் பயிற்சியில் ஒளிப்பதிவு
ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஆலயத்தாருக்கும் சில விளக்கங்கள்

தில்லையிலே பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளைக் கறையான் மூடியிருந்தது என்பதும், எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பிகள் திருமுறைகளாக வகுத்தார் என்பதும் சைவமக்கள் யாவரும் அறிந்த வரலாறு. அந்த வரலாற்றின் அடுத்த பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. பதிகத்தை எவ்வாறு பாடுவது என்பதை எழுத்து சொல்லவில்லை. ஆதலால் நம்பிகளும் சோழ மன்னனும் திருஎருக்கத்தம்புலியூருக்குச் சென்று, திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் மரபில் வந்த ஒரு பெண்மணியைக் கொண்டு பண்முறையை அமைப்பித்தனர் எனத் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. அந்த மரபில் அப்பெண்மணியும் இல்லாதிருந்தால் மீட்கப்பட்ட ஏடு வாசிப்பதற்கு மட்டுமே உதவியிருக்கும்.

இதற்கு மறுதலையான நிலை யாழுக்கு நேர்ந்தது. சிலப்பதிகாரம் முதலான நூல்களிலே யாழைப் பற்றிய குறிப்புகள் உண்டு. அதனை மீட்டிய கை மட்டும் வழிவழியாக வரவில்லை. ஈழம் தந்த விபுலாநந்த அடிகளார் பல்லாண்டுகள் உழைத்து, கணிதத்தின் துணையோடு யாழின் நரம்புகளையும் சுரங்களையும் ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947 ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. ஒரு வாத்தியக்காரனின் விரலை ஒருமுறை பார்த்திருந்தால் விளங்கக்கூடியதை, பார்க்கக் கிடைக்காமையால், ஒரு பேரறிஞர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டுத் தேடவேண்டியிருந்தது.

அண்மைக் காலத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. தவில் மேதை யாழ்ப்பாணம் வி. தெட்சணாமூர்த்தி அவர்கள் 1933 இற் பிறந்து 1975 இல் மறைந்தார். இலங்கையிலே தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 இலேயே தொடங்கியது. ரூபவாஹினி 1982 இல் வந்தது. அவருடைய வாசிப்பை ஒலிப்பதிவுகளில் இன்றும் கேட்கலாம். ஆனால் அந்தச் சொற்கள் எந்த விரலில், மணிக்கட்டின் எந்த அசைவில் பிறந்தன என்று கேட்கும் இளைய தவிற்காரர், பெரும்பாலும் நேரிற் பார்த்தவர்களின் வாய்ச்சொல்லையே நம்பவேண்டியவராக உள்ளார். பார்த்தவர்களும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர்.

இன்று கிராமத்து வீடுகளிலும் கைத்தொலைபேசி உண்டு. அதில் ஒரு கமராவும் உண்டு. திருவிழாவின்போது மேளச்சமா நடந்தால் ஐம்பது கைகள் உயர்ந்து பதிவு செய்கின்றன. இவற்றுள் ஒரு மாணவன் உட்கார்ந்து கற்கக்கூடிய பதிவு எத்தனை என்று பார்த்தால் ஒன்றும் இராது என்பதே உண்மை. கருவி கிடைத்துவிட்டது, அதனைப் பாடத்துக்காகப் பயன்படுத்தும் முறை இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை.

ஒலிநாடாக் காலத்தில் இருந்து ஒரு பாடம்

இசைத்தட்டுக் காலத்திலே தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் மாத்திரமே ஓடியது. மணிக்கணக்கில் ஆலாபனை செய்த வித்துவான்கள் இராகத்தை மூன்று நிமிடத்துள் அடக்கினர். அதனைக் கேட்டுப் பழகியவர்களிற் சிலர் இராகம் என்றால் அவ்வளவுதான் என்றும் எண்ணினர். பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய கசெற் ஒலிநாடா இந்தத் தடையை நீக்கியது. ஆசிரியரின் பாட்டை ரேப் ரெக்கோடரிலே பதிந்து வீட்டிலே போட்டுப் பாடிப் பழகும் வழக்கம் அதனால் ஏற்பட்டது. 1990 இன் பின்னர் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லாத ஆண்டுகளிற் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும் பாட்டுக் கேட்டதும் அக்காலத்தில் வாழ்ந்தோருக்கு மறக்கக்கூடியதல்ல.

அங்கே ஒரு நுட்பமான தீமையும் இருந்தது. மின் அழுத்தம் குறைந்தால் நாடா மெதுவாக ஓடும். மெதுவாக ஓடினால் சுருதி இறங்கும். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு மாறினாலே சுருதி அரைக்கட்டை மாறிவிடும். நாடாவை மட்டும் நம்பிப் பழகிய மாணவன் ஆசிரியரின் உண்மையான சுருதி எது என்று அறியாமலே பழகினான். ஆகவேதான் எந்தப் பதிவாயினும் அதன் தொடக்கத்திலே சுருதிப்பெட்டியை அரை நிமிடமேனும் தனியே ஒலிக்கவிட்டு, இன்ன கட்டை என்று வாயாற் சொல்லிப் பதிவுசெய்தல் வேண்டும். பிற்காலத்தில் எந்தக் கருவியில் எந்த வேகத்திற் போட்டாலும் அந்த அரை நிமிடத்தை வைத்துச் சரிபார்க்கலாம். இன்றைய பதிவுகளுக்கும் இது பொருந்தும், பலர் செய்வதில்லை.

கமரா எங்கே இருக்கவேண்டும்

கலியாண வீட்டு வீடியோவுக்கும் பாடப் பதிவுக்கும் நோக்கம் வேறு. தவிலிலே தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போகும்போது, கலியாண வீடியோக்காரர் கமராவைத் திருப்பிச் சபையிலே தலையாட்டும் பெரியவரைக் காட்டுவார். பார்ப்பதற்கு அது அழகு. கற்பவனுக்கு அந்த இடத்திற் பாடம் அறுந்துவிடுகின்றது. பாடப் பதிவிலே கமராவை ஒரு தாங்கியில் நிறுத்தி, அசைக்காமல், கையை விட்டுக் கண் எடுக்காமல் பதிவுசெய்தல் வேண்டும். அது சலிப்பாகத் தோன்றலாம். பத்துமுறை பார்க்கவேண்டிய மாணவனுக்குச் சலிக்காது.

வாய்ப்பாட்டுக்கு முகமும் தாளம் போடும் கையும் ஒரே சட்டத்துள் வருதல் வேண்டும். முகத்தை மட்டும் நெருக்கிப் பிடித்த பதிவிலே மாணவன் பாட்டைக் கற்பான். எடுப்பு எங்கே என்று அறியான். ஆதிதாளத்தின் எட்டு அட்சரங்களும் கண்ணுக்குத் தெரிந்தால், சமத்திலே தொடங்குகின்றதா, அரை இடம் தள்ளியா, ஒன்றரை இடம் தள்ளியா என்பதை ஆசிரியர் சொல்லாமலே காணலாம். வீணைக்கு, முன்னே தரையில் வைத்த கமரா பயன்படாது. தண்டியின் பக்கம்தான் தெரியும். வாசிப்பவரின் இடப்பக்கமாக, நிற்பவரின் கண்மட்டத்திலிருந்து சற்றுக் கீழ்நோக்கிப் பார்த்தால், இருபத்துநான்கு மெட்டுகளும் அவற்றின்மேல் ஓடும் விரல்களும், கமகத்துக்காகத் தந்தியை எவ்வளவு இழுக்கின்றார் என்பதும் தெளிவாகத் தெரியும். வயலினுக்கு வில்லின் முழு நீளமும் சட்டத்துள் இருத்தல் வேண்டும். மிருதங்கத்துக்கு முன்புறமாகச் சற்று உயரத்தில் வைத்தாற் போதும்.

கைத்தொலைபேசியின் முன்பக்கக் கமராவினாற் பதிவு செய்வோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அது கண்ணாடி போல இடம்வலம் மாற்றிக் காட்டும். சில தொலைபேசிகள் அவ்வாறே சேமித்தும் விடும். பார்த்துப் பழகும் சிறு பிள்ளை வலக்கைத் தாளத்தை இடக்கையாற் போடத் தொடங்குவதற்கு இதுவே போதும். பின்பக்கக் கமராவையே பயன்படுத்துதல் நலம்.

தவிலும் நாதஸ்வரமும் தனியே பேசவேண்டியவை. கிராமத்து ஆலயத்துக்கு உயிர்நாடி அவையே. தவிலின் வலந்தலையை விரல்களிற் கூடு அணிந்து வாசிப்பர். தொப்பியைக் கழியால் வாசிப்பர். இரு பக்கமும் ஒருசேரத் தெரிவதற்குக் கமரா நேர்முன்னே, தவிலின் மட்டத்துக்கு மேலே இருத்தல் வேண்டும். அடுத்தது வேகம். வழமையான காணொளி ஒரு செக்கனுக்கு 25 அல்லது 30 படங்களைப் பிடிக்கின்றது. ஓர் அட்சரம் ஒரு செக்கன் என்று வைத்துக்கொண்டால், அதிலே 16 சொற்கள் விழும்போது ஒரு சொல்லுக்கு ஒன்றரைப் படத்துக்கும் இரண்டு படத்துக்கும் இடைப்பட்ட அளவே கிடைக்கும். அத்தனை குறைந்த படத்தில் விரல் வெறும் புகையாகத் தெரியும். இன்றைய தொலைபேசிகள் பலவற்றிலே 60 படம் என்ற தெரிவு உண்டு. தவிலுக்கு அதனையே தெரிவு செய்தல் வேண்டும். வெளிச்சமும் நன்றாக இருத்தல் வேண்டும். வெளிச்சம் குறைந்தாற் கமரா ஒவ்வொரு படத்துக்கும் நீண்டநேரம் கண் திறந்திருக்கும். மீண்டும் புகையே கிடைக்கும். அவ்வாறு ஒழுங்காகப் பதிந்ததனைப் பாதி வேகத்தில் ஓடவிட்டாற் சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறையும் வசதி இன்று கணினியிலும் யூரியூப்பிலும் உண்டு. ஒலிநாடாக் காலத்து மாணவனுக்கு இது கனவிலும் கிட்டாதது.

நாதஸ்வரத்திலே சுரங்கள் துவாரத்தை மூடித் திறப்பதால் மட்டும் பிறப்பன அல்ல. ஒரே துவாரத்திலே விரலைப் பாதி எடுத்தும், மூச்சின் அழுத்தத்தை மாற்றியும், சீவாளியை உதட்டாற் பிடிக்கும் அளவை மாற்றியும் வெவ்வேறு சுரங்களும் கமகங்களும் எழுப்பப்படுகின்றன. செவியினால் மட்டும் கேட்பவனுக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. ஆகவே ஒரு கமரா போதாது என்று சொல்லத்தக்க ஒரே வாத்தியம் இதுதான்: ஒன்று விரலுக்கு, மற்றொன்று உதட்டுக்கும் கன்னத்துக்கும். இரண்டு தொலைபேசிகளை வைத்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டிவிட்டால், பின்னர் அந்தத் தட்டொலியை வைத்து இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம்.

ஒலியே முதன்மை

படம் சற்று மங்கினாலும் கற்கலாம். ஒலி கெட்டாற் கற்க முடியாது. பெரும்பாலான பதிவுகள் கெடுவது தூரத்தினால். ஒலிவாங்கியின் தூரம் இரட்டித்தால் வந்து சேரும் ஒலியின் செறிவு நாலிலொன்றாகக் குறையும். வெளிவீதியிலே முப்பத்தைந்து மீற்றர் தள்ளி நின்று தேர்முட்டியடி மேளத்தைப் பதிவு செய்பவருக்கு வேறொரு பிழையும் நேரும். ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர்தான் செல்லும். ஒளி உடனே வந்துவிடும். ஆகவே கை விழுந்து ஒரு செக்கனின் பத்திலொரு பங்கு கழித்தே சொல் கேட்கும். மேற்சொன்ன கணக்கின்படி அதற்குள் ஒன்றரைச் சொல் போய்விடும். இந்தப் பதிவைப் பார்த்து விரலையும் சொல்லையும் பொருத்திப் பழகும் மாணவன் பிழையாகவே பழகுவான். கமராவை அருகிற் கொண்டுபோக முடியாவிடில், ஒலியை மட்டும் வாத்தியத்தின் அருகே வேறொரு தொலைபேசியிற் பதிந்து பின்னர் சேர்த்தல் வேண்டும்.

நாதஸ்வரத்துக்கு ஒலிவாங்கியை அணைசின் வாயிலே கொண்டுபோய் வைப்பது பொதுவான பழக்கம். ஒலி அணைசு வழியாக மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் துவாரங்கள் வழியாகவும் வருகின்றது. அணைசில் வைத்தாற் சில சுரங்கள் முழங்கும், சில மெலியும். இரண்டு மூன்று அடி தள்ளி, வாத்தியத்தின் நடுப்பகுதியை நோக்கி வைத்தால் எல்லாச் சுரமும் சமமாக வரும்.

இன்னொரு மறைவான தொல்லை, தானியங்கி ஒலிச்சீராக்கல். சத்தம் கூடினாற் குறைப்பதும், குறைந்தாற் கூட்டுவதும் அதன் வேலை. பேச்சுக்கு அது நல்லது. நீலாம்பரியை மெல்ல எடுத்து வளர்க்கும் ஆலாபனையிலே அந்த மென்மையை அது முரட்டுத்தனமாக உயர்த்திவிடும். தவில் சேர்ந்தவுடன் நாதஸ்வரத்தை அமுக்கிவிடும். வித்துவான் செய்த ஏற்ற இறக்கம் எதுவும் பதிவில் இராது. நிறுத்தக்கூடிய கருவியாயின் அதனை நிறுத்திவிடுதல் வேண்டும். 2020 ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்திலே சூம் வழியாக வகுப்பு நடத்திய ஆசிரியர்கள் இதன் மூத்த சகோதரனைக் கண்டனர்: தொடர்ந்து ஒலிக்கும் சுருதிப்பெட்டியை அந்தச் செயலி மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அகற்றியது! இசைக்கலைஞருக்கென அதிலே தனியான ஒலித்தெரிவு ஒன்று உண்டு. அதனைத் தெரிவு செய்தாற் சுருதி நிலைக்கும். ஆனாலும் ஒலி போய்வர எடுக்கும் நேரத்தினால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பாட முடியாது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் பாடத்தை முன்னரே நன்றாகப் பதிந்து அனுப்பிவிட்டு, நேரடி வகுப்பைத் திருத்துவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது பயன்தரும்.

பாட்டை இடையிலே அறுக்காமல் இருப்பதற்கு இரண்டு முன்னெச்சரிக்கைகள் போதும். சில நிழற்படக் கமராக்கள் அரைமணித்தியாலம் ஆனதும் தாமாகவே நின்றுவிடும். இருபத்தைந்தாவது நிமிடத்திலே, ஓர் உருப்படி முடிந்த இடத்தில், தாமே நிறுத்தித் தொடங்கிவிடவேண்டும். தொலைபேசியாயின் அழைப்பு வராதபடி முன்னரே தடுத்துவிடவேண்டும்.

பார்க்கும் முறை

ஆசிரியரின் பதிவைப் பார்ப்பதிலும் தன்னுடைய பதிவைத் தானே பார்ப்பது மாணவனுக்குக் கூடுதலாக உதவும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம் பாடகருக்குரிய குற்றங்கள் இருபத்தைந்தினை வகுத்துக் கூறுகின்றது. பல்லைக் கடித்துப் பாடுதல், அஞ்சிப் பாடுதல், நடுங்கிப் பாடுதல், வாயை அளவுக்கு மீறித் திறத்தல், கன்னத்தை உப்புதல், கழுத்தை வளைத்தல், கண்ணை மூடிக்கொள்ளுதல் என்பன அவற்றுட் சில. இவற்றிற் பெரும்பாலானவை கண்ணாற் காண்பன. செய்பவனுக்கு மட்டும் தெரியாதன. ஆசிரியர் பத்துத்தரம் சொன்னாலும் நம்பாத பிள்ளை, தன் முகத்தைத் தானே ஒருமுறை பார்த்தால் மறுநாளே திருந்துவதுண்டு. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்குத் தோற்றுவோர், செயன்முறைக்கு ஒரு மாதம் முன்னர் தாம் பாடுவதை முழுமையாகப் பதிந்து, முதலில் ஒலியை நிறுத்திப் படத்தை மட்டும் பார்த்து, பின்னர் கண்ணை மூடி ஒலியை மட்டும் கேட்டால், இரு வேறு பிழைப்பட்டியல்கள் கிடைக்கும்.

ஆசிரியரின் பதிவைப் பார்ப்பதில் ஓர் ஆபத்து உண்டு. பதிவு திருத்தாது. மாணவன் ஒரு பிரயோகத்தைப் பிழையாகப் பிடித்துக்கொண்டால், நூறுமுறை ஓடவிட்டாலும் அது அவனைத் தடுக்காது. பிழை நூறுமுறை உறுதிப்படும். ஆகவே நேரிற் பாடம் கேட்பதற்கு முன்னர் பதிவைக் கொடுத்தல் கூடாது, கேட்ட பின்னரே கொடுத்தல் வேண்டும் என்ற கட்டுப்பாட்டைச் சில ஆசிரியர்கள் வைத்திருக்கின்றனர். இது கடுமையாகத் தோன்றினும் தக்கதே. பண்ணிசை வகுப்பில் இது இன்னும் முக்கியம். புறநீர்மையைப் பூபாளமாகவும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும், செந்துருத்தியை மத்தியமாவதியாகவும் பாடும் மரபு ஓதுவாமூர்த்திகளின் வாய்வழி வந்தது. அதே பதிகத்தை மெல்லிசை மெட்டிலே பாடிய பதிவுகளும் இணையத்தில் ஏராளம். எது மரபு என்று சொல்ல ஒருவர் அருகில் இல்லாத பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

அனுமதியும் மரியாதையும்

மூலஸ்தானத்தை நோக்கிக் கமராவைத் திருப்புதல் ஆகாது. பூசை வேளையிலே தாங்கியை வசந்தமண்டப வாயிலில் நிறுத்துதலும் ஆகாது. இவை எல்லாரும் அறிந்தவை. கலைஞரின் அனுமதி பற்றி மட்டும் பலர் எண்ணுவதில்லை. உபயகாரர் பணம் கொடுத்து அழைத்தார் என்பதனால் அந்த வாசிப்பு உபயகாரருக்குச் சொந்தமாகிவிடாது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆற்றுகை செய்வோருக்குத் தம் ஆற்றுகையைப் பதிவு செய்வது பற்றிய உரிமையை அளிக்கின்றது. சட்டம் ஒருபுறம் இருக்க, பரம்பரையாகக் காத்துவந்த ஒரு மல்லாரியை மகனுக்கும் மாணவனுக்கும் மட்டும் சொல்லிக்கொடுக்க விரும்பும் வித்துவானிடம் கேளாமல் அதனை உலகெங்கும் அனுப்புதல் முறையன்று. முன்கூட்டியே கேட்டால் பலரும் சம்மதிப்பர். மாணவருக்கு மட்டும், யூரியூப்பிலே வேண்டாம் என்று சொல்பவரும் உண்டு. அந்த வார்த்தையைக் காப்பாற்றவேண்டும். சிறு பிள்ளைகளின் அரங்கேற்றமாயின் பெற்றோரின் விருப்பத்தையும் அறிதல் வேண்டும்.

சேமித்தல்

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, உலகில் வேறு பிரதி இல்லாத ஏடுகளும் எரிந்தன. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, வீட்டு அலுமாரியில் இருந்த ஒலிநாடாக்களை எடுத்துச் செல்ல யாருக்கு நேரம் இருந்தது? ஒரு பதிவு ஓர் இடத்தில் மாத்திரம் இருந்தால் அது இல்லாததற்குச் சமம் என்பதை இந்த மண்ணுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஒரு பிரதி ஆலயத்திலும், ஒன்று ஆசிரியர் வீட்டிலும், ஒன்று வெளிநாட்டிலுள்ள ஊரவர் ஒருவரிடமும் இருத்தல் வேண்டும். ஒரு மணித்தியாலக் காணொளிக்குத் தரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 4 முதல் 8 கிகாபைற்று வேண்டும். பத்துநாள் திருவிழா முழுவதும் ஒரு சிறிய வன்தட்டில் அடங்கிவிடும். இறுவட்டில் எழுதி அலுமாரியில் வைத்தோர் அதனை மீண்டும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது; சில ஆண்டுகளிலேயே வாசிக்க முடியாமற் போனவை பல.

ஒவ்வொரு பதிவின் பெயரிலும் திகதி, எத்தனையாந் திருவிழா, கலைஞர்கள், இராகம், தாளம், சுருதி ஆகியவை இருத்தல் வேண்டும். கமரா தானாக இட்ட இலக்கத்தோடு இருக்கும் ஆயிரம் கோப்புகளில் ஒரு தோடியைத் தேடுவதிலும் வித்துவானைத் தேடிப் போவது இலகு. திருவிழா முடிந்த கிழமைக்குள், நினைவு இருக்கும்போதே, இதனை எழுதிவிடவேண்டும்.

வீடுகளில் எஞ்சியுள்ள பழைய வீடியோ கசெற்றுகள்தாம் அவசரமானவை. அவற்றை ஓட்டும் கருவியின் உற்பத்தி 2016 உடன் நின்றுவிட்டது. இருக்கின்றவை பழுதானாற் பாகம் கிடைப்பது அரிது. எண்பதுகளில், தொண்ணூறுகளில் நடந்த கலியாண வீட்டு வீடியோக்களில், தாலிகட்டுக்கு முன்னும் பின்னும், இன்று மறைந்துவிட்ட நாதஸ்வர தவில் வித்துவான்கள் சில நிமிடங்களேனும் தென்படுவர். அந்தச் சில நிமிடங்களுக்காகவே அவற்றை எடுத்துப் பார்த்தல் வேண்டும். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் அதனைக் கருவியிற் போடக்கூடாது; நாடாவும் கெடும், கருவியின் தலையும் கெடும், அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் அது தொற்றும். அத்தகையவற்றைத் தனியே ஒரு பையில் இட்டு, ஈரம் இல்லாத இடத்தில் நிமிர்த்தி வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்தல் வேண்டும். நல்ல நிலையில் உள்ளதையும் முதலில் முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை முழுதாகச் சுற்றிவிட்டு, முதல் ஓட்டத்திலேயே கணினியிற் பதிந்துவிடவேண்டும். இரண்டாம் முறை ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது.